அங்கிக்குள் ஒரு பேரரசர்

அத்தியாயம் 6

பல் டாக்டர் தான் பனியில் விறைத்துச் செத்துப்போன கதையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

“புது அங்கி மேடம். கழுத்து வரைக்கும் இழுத்து மாட்டிக்கிட்டு ராஜநடை போட்டுப் போறேன். மலை அடிவாரம்கூடத் தாண்டலை, உடம்பு நீலமாகுது. என்னடா இதுன்னு யோசிக்கிறதுக்குள்ள பொத்துன்னு விழுந்துட்டேன்.”

“அப்புறம்?” என்றாள் அண்ணி.

“அப்புறம் என்ன? செத்துட்டேன்.”

“ஆழ்ந்த அனுதாபங்கள் டாக்டர்,” என்றான் கொழுந்தன்.

அறையில் இருந்த ஒரே ஸ்டூலை அண்ணி பிடித்துக்கொண்டதால், அவன் நோயாளிகள் படுக்கும் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தான். தலைக்கு மேல் விளக்கு, காதோரம் பல்லைத் துளைக்கும் கருவி. வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது என்று அவனுக்கே தோன்றிய அபூர்வமான இடம் அது. அப்படியும் முடியவில்லை.

அண்ணி ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். தானாகத் தீப்பிடித்த குடோன்கள், தானாகக் காணாமல்போன லாரிகள் என்று மனிதர்கள் கூசாமல் அளந்த கதைகளைக் கேட்டுக் கேட்டு, யாராவது தப்பித்தவறி உண்மையைச் சொன்னாலும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டுதான் கேட்பாள். மேலதிகாரியின் சொந்தக்காரர் குடோனையும் அதே புருவத்தோடு பார்த்ததில் வேலை போனது. சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். மெத்தைக் கடையில் வாடிக்கையாளரிடம் நக்கல் அடித்து வெளியேற்றப்பட்ட தன் தம்பியை, வீட்டில் உருண்டு கிடப்பதற்கு இவளுக்குப் பையாவது தூக்கட்டும் என்று அவள் புருஷன்தான் ஒப்படைத்தான். நாற்பது வயதில் பை தூக்குகிறவன் என்பதில் கொழுந்தனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மெத்தையைவிடப் பை கனம் குறைவு.

காலையில் அவர்கள் ஆபீசுக்கு ஒரு பெண் வந்து அழுதாள். ‘பனிமுடி’ என்று இணையத்தில் ஒரு விளையாட்டு. பிள்ளைகுட்டி உள்ள பெரிய மனிதர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, வாளும் வேலுமாகத் திரிகிற இடம். திரிவதைவிடத் தங்கள் பொம்மைக்குச் சட்டை மாட்டி அழகு பார்ப்பதுதான் அங்கே முக்கியத் தொழில். அந்த உடைகளை வரைகிறவள் இவள். ஆபீசில் இவளை ‘டெய்லர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், பாராட்டாக அல்ல. கொடும்பனி மலையில் ஏறுகிறவர்களைக் குளிரிலிருந்து காக்க ஒரு பனி அங்கியை வருஷக்கணக்கில் பாடுபட்டு வடிவமைத்தாள். வெளியான அன்றே அதைப் போட்டுக்கொண்டு ஏறிய அத்தனை பேரும் விறைத்து விழுந்தார்கள். குளிரைத் தாங்கும் சக்தி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ பூஜ்ஜியத்தைப் போட்டிருந்தார்கள். மாற்றம் நடந்தது இவளுடைய லாகினில்.

“நான் பண்ணலை” என்று அவள் சொன்னதை ஆபீசில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. இன்று சாயங்காலம் அவள் பெயரைப் போட்டே அறிக்கை வெளியாகும். வேலை போகும். அதற்கப்புறம் இந்தத் தொழிலில் ஒருவனும் அவளை வாசலில்கூட நிற்க விடமாட்டான்.

கம்பெனிக்குக் குவிந்த புகார்களிலேயே கொழுத்த வசவு இந்தப் பல் டாக்டருடையது. இவ்வளவு ரசித்துத் திட்டுகிறவனுக்கு விஷயமும் தெரிந்திருக்கும் என்று அண்ணி நேராக இங்கே வந்துவிட்டாள். வெளியே கன்னம் வீங்கிய ஒருவர் கைக்குட்டையைத் தாடையில் அழுத்திக்கொண்டு காத்திருந்தார். அவரைப் பற்றி டாக்டருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

“எப்படிச் செத்தீங்கன்னு காட்டுங்க,” என்றாள் அண்ணி.

டாக்டர் கையுறையைக் கழற்றிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். திரையில் ஒரு பொம்மை ஜட்டி பனியனோடு நின்றது.

“இதுதான் முதல் அடுக்கு. இதைக் கழட்டவே முடியாது, மானம் காக்கிற அடுக்கு. அப்புறம் அடிபடாம இருக்கக் கவசம், குளிருக்கு அங்கி. எல்லாத்துக்கும் மேல அலங்காரம். அலங்காரத்துல ஒரு பிரயோஜனமும் கிடையாது, சும்மா பளபளப்பு. ஆனா எல்லாரும் அதுக்குத்தான் அலையுறது.”

“வெளியிலயும் அப்படித்தானே,” என்றாள் அண்ணி.

டாக்டர் மளமளவென்று மாட்டினார். கொழுந்தன் சாய்வு நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கினான்.

“டாக்டர், கோட்டை மாட்டிட்டு அப்புறம் உள்ள கவசம் மாட்டுறீங்க. வீட்டுலயும் பேன்ட்டைப் போட்டுட்டுத்தான் ஜட்டி போடுவீங்களா?”

“சிரிங்க சார், சிரிங்க. கவசத்துக்கு அப்புறம் அங்கியைப் போட்டா, அது கவசத்தைச் சத்தமில்லாம பொம்மையோட பைக்குள்ள தள்ளிவிட்டுரும். பார்க்கிறதுக்கு எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும். புலி கடிச்சாத்தான் உள்ள ஒண்ணுமில்லைன்னு தெரியும். ஆடுற அத்தனை பேரும் கடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம். கம்பெனிக்கு எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சு போச்சு. ஒருத்தன் படிக்கணுமே!”

“புலியை விடுங்க. பனியில சாகாதவங்க யாராவது உண்டா?” என்றாள் அண்ணி.

டாக்டர் முகம் சுண்டியது. “உண்டு. பனிவேந்தன் படை. ஆரம்பத்துல ஏதோ போட்டியில குடுத்த பழைய பனி அங்கி கொஞ்சம் இருந்துச்சு. எப்படியோ அத்தனையும் அவங்க கைக்குப் போயிருச்சு. அதனால மலை உச்சியில அவங்க மட்டும்தான். அந்த ஆளு தன்னைப் பேரரசர்னு சொல்லிக்குவான். தங்கக் கலர் பட்டுத் துணியை மேல போட்டுக்கிட்டு, ‘நாம் அனுமதித்தோம், நாம் மறுத்தோம்’னு பேசுவான். இந்தப் புது அங்கி ஒழுங்கா வந்திருந்தா நாங்களும் ஏறியிருப்போம். நாங்க செத்துக் கிடந்தோம், அவன் உச்சியில நின்னு பார்த்துக்கிட்டிருந்தான்.”

“ஆள் யாருன்னு தெரியுமா?”

“யாருக்குத் தெரியும்? எப்பவும் உச்சியிலயே நிப்பான். வேலைவெட்டி இல்லாதவன்னு நினைக்கிறேன். எரிமலைச் சண்டைக்கு மட்டும்தான் கீழ இறங்கி வந்தான், அதுலயும் பாதியில திரும்பிட்டான்.”

கன்னம் வீங்கியவர் கதவைத் தட்டினார். “கொஞ்சம் இருங்க சார், அவசர வேலையா இருக்கேன்,” என்று கத்தினார் டாக்டர்.

அண்ணி எழுந்தாள். “டாக்டர், சாயங்காலம் நான் போன் பண்ணுவேன். எடுத்துட்டு, நான் கேக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”

“ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்றவர் கிட்ட இப்படியா கேக்கிறது,” என்றபடி கொழுந்தன் பையைத் தூக்கிக்கொண்டான்.

* * *

டாக்ஸியில் கொழுந்தன் விரல் மடக்கினான்.

“அந்தப் பொண்ணோட பாஸ்வேர்டு மூணு பேர் கிட்டதான் இருக்கு. முதலாளி, மேனேஜர், முதலாளியோட மச்சினன். முதலாளிக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே ஆள் வேணுமாம். மச்சினன் நிர்வாகம், சாவியும் பாஸ்வேர்டும் வச்சிருக்கிறதோட சரி, விளையாட்டுப் பக்கமே போறதில்லையாம். மிச்சம் மேனேஜர். மேடை ஏறினாலே ‘நான் பனிமுடியில வாழ்றேன்’னுதான் ஆரம்பிப்பாராம். அங்கி கெட்டதுல லாபம் பனிவேந்தனுக்கு மட்டும்தான். அந்தப் பனிவேந்தன் இவர்தான் அண்ணி. கேஸ் முடிஞ்சுது.”

“இருபது வருஷம் மெத்தை வித்திருக்கே. ‘நான் நல்லாத் தூங்குறவன்’னு சொல்லிட்டு வந்தவன் எவனாவது மெத்தை வாங்கியிருக்கானா?”

கொழுந்தன் யோசித்துப் பார்த்தான். வாங்கியதில்லை.

* * *

கம்பெனியின் கூடம் முழுக்க டிராகன் பொம்மைகளும் தூசியும். சுவரில் ஆளுயர டிவி ஒன்றில் பனிமலை உச்சி தெரிந்தது. அதில் தங்கப் பட்டு போர்த்திய ஒரு பொம்மை தன்னந்தனியாக, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தது. தன் மேஜையைக் காலிசெய்து பென்சில்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள் டெய்லர். கண் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் கொழுந்தனுக்குச் சொல்ல வந்த ஜோக் மறந்துபோனது.

முதலாளி தன் அறையில் வரவேற்றார். கனத்த மனிதர், இளைத்த குரல். பக்கத்தில் மேனேஜர், மார்பில் வாள் படம் போட்ட பனியனோடு. ஓரமாக மச்சினன், மடிப்புக் கலையாத சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு. ஏசிக்குப் பயந்த உடம்பு போலிருக்கிறது.

“இந்தப் பொண்ணு கவனக்குறைவா இருந்துட்டா. அவ்வளவுதான் மேடம்,” என்றார் முதலாளி. “அறிக்கை ரெடி. போட வேண்டியதுதான் பாக்கி.”

“தாராளமாப் போடுங்க,” என்றாள் அண்ணி. “எனக்கு இந்த விளையாட்டே புரியலை. அதான் சிக்கல். ஒரு பொம்மைக்கு எப்படி உடை மாட்டுறதுன்னு நீங்க மூணு பேரும் காட்டினீங்கன்னா, இவ எங்கே கோட்டை விட்டான்னு பார்த்துட்டு நான் கிளம்பிடுவேன்.”

“இவ்வளவுதானா?” மேனேஜர் சிரித்தார். “‘எல்லாம் அணி’ன்னு ஒரு பட்டன் இருக்கு. ஆபீஸ்ல நாங்க எல்லாரும் அதைத்தான் அமுக்குவோம்.”

“பட்டன் வேண்டாம். கையால, ஒண்ணொண்ணா.”

டெய்லர் வந்து ஆளுக்கொரு பொம்மையாக மூன்றை ஜட்டி பனியனோடு நிறுத்தி, உடைகளைத் திரையின் ஓரத்தில் பரப்பி வைத்தாள். கொழுந்தன் சுவரோரம் போய் நின்றுகொண்டு போனை எடுத்து, அண்ணி கண்ணைக் காட்டியதும் ஒரு நம்பரை அழுத்திச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

முதலாளி முதலில் உட்கார்ந்தார். மவுஸைச் சோப்பு போலப் பிடித்தார். இடது காலுக்கு ஒரு பூட்ஸ் மாட்டினார், வலது காலுக்கான பூட்ஸ் பொம்மையின் தலையில் போய் உட்கார்ந்தது, “போதும்” என்று எழுந்துவிட்டார்.

மேனேஜர் கோதாவில் இறங்குகிறவர் மாதிரி கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பூட்ஸ், கவசம், அதற்கு மேல் அங்கி, அதற்கும் மேல் அலங்காரம். அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கிளப்பிவிடும் ஒழுங்கு. “பார்த்தீங்களா? தினமும் ஆடுறவன் கை!” என்றார். கொழுந்தன் அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

மச்சினன் கூச்சத்தோடு உட்கார்ந்தார். “எனக்கு இதெல்லாம் பழக்கமே இல்லைங்க. எதை அமுக்கணும்?”

“தோணினதை அமுக்குங்க. ஆமா, உங்க அக்கா எப்படி இருக்காங்க?” அண்ணி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “முதலாளி வீட்டுல அவங்க வச்சதுதான் சட்டமாமே?”

மச்சினன் சிரித்தார். அக்காவைப் பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. மாமா அக்காவுக்குத் தெரியாமல் சோபா மாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டே கையை நகர்த்தினார். முதலில் அங்கி. பிறகு கவசம். பிறகு பூட்ஸ்.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். “கோட்டைப் போட்டுட்டு அப்புறம் கவசமா! சார், உங்க வீட்டுல கண்ணாடியே கிடையாதா?”

முதலாளிக்கும் சிரிப்பு வந்தது. “இவனுக்கு இதுல ஆனா ஆவன்னாகூடத் தெரியாது மேடம். சின்ன வயசுலயே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வருவான்.”

மச்சினனும் தலையைச் சொறிந்துகொண்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அறை முழுக்க ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். கொழுந்தனும் சிரிக்க வாயைத் திறந்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி காலையில் தானும் இதே சிரிப்பைச் சிரித்தது அவனுக்கு ஞாபகம் வந்தது.

அண்ணி சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தாள்.

“மேனேஜர் சார், நீங்க போட்டதுல ஒரு தப்பும் இல்லை. ஆனா உங்க பொம்மையோட கவசத்தை அங்கி பைக்குள்ள தள்ளிவிட்டிருக்கு, பாருங்க. உள்ள வெறும் பனியன். புலி வந்தா ஒரே கடி.”

மேனேஜர் பையைத் திறந்து பார்த்தார். கவசம் உள்ளே சுருண்டு கிடந்தது.

“இந்தக் கோளாறு ஆடுற ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். உங்களுக்கு எழுதியும் பார்த்துட்டாங்க. ஆபீஸ்ல பட்டனை அமுக்கியே பழகினவங்களுக்கு எப்படித் தெரியும்? ‘பனிமுடியில வாழ்றேன்’னு மேடை மேடையாச் சொன்ன நீங்க, ஒரு நாள்கூட உள்ள போனதில்லை.” அண்ணி நாற்காலியைத் திருப்பினாள். “மனுஷனாப் பிறந்தவன் எவனும் கோட்டைப் போட்டுட்டு உள்சட்டை போடமாட்டான். தெரியாதவன் கையும் அப்படிப் போகாது. புலிகிட்ட கடி வாங்கின கை மட்டும்தான் போகும். எத்தனை கடி வாங்கியிருக்கீங்க தம்பி?”

மச்சினனின் சிரிப்பு மட்டும் முகத்தில் தங்கிவிட்டது, மற்றதெல்லாம் போய்விட்டது.

“ஏதோ... கை போன போக்குல போட்டேன்.”

“மேடம், இதெல்லாம் ஒரு ஆதாரமா?” என்றார் முதலாளி, குரல் இன்னும் இளைத்து. “என் மச்சினன் மேல கை வைக்கிறீங்க. யோசிச்சுப் பேசுங்க.”

“வாஸ்தவம். ஆதாரம் இல்லை.” அண்ணி எழுந்து பையைக் கேட்டுக் கையை நீட்டினாள். கொழுந்தன் தயங்கித்தான் கொடுத்தான். வாசலில் நின்ற டெய்லர் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி பையைத் தோளில் மாட்டியபடி அவனிடம் சாவகாசமாகப் பேச்சுக் கொடுத்தாள். “விடு தம்பி. அந்தப் பனிவேந்தனைத் தேடி நாம மெனக்கெட்டதே வீண். ஆளு சுத்தப் பயந்தாங்கொள்ளியாமே? எரிமலைச் சண்டையில படையை அம்போன்னு விட்டுட்டு, பட்டுத் துணியை இடுப்புக்கு மேல தூக்கிக்கிட்டு ஓட்டமா ஓடினானாமே...”

“ஓடலை!”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மச்சினன் எழுந்து நின்றிருந்தார். அடுக்கடுக்காகப் போட்டிருந்த துணிக்கு மேலே கழுத்து சிவந்திருந்தது.

“யார் சொன்னது ஓடினோம்னு? படையைக் காப்பாத்தத்தான் நாம பின்வாங்கினோம்!”

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே மெதுவாகத்தான் உறைத்தது.

“அடப்பாவி,” என்றார் முதலாளி. “அப்ப அந்தப் பழைய அங்கியெல்லாம் ஒரே படைக்குப் போனது இப்படித்தானா?”

“எனக்குன்னு இங்க என்ன மாமா இருக்கு?” மச்சினனின் குரல் உடைந்தது. “இந்த ஆபீஸ்ல நான் அக்கா தம்பி. சாவி கேக்க வருவாங்க, வாங்கிட்டுப் போயிருவாங்க. அங்க நான் உச்சியில நின்னா, கீழேருந்து எல்லாரும் அண்ணாந்து பார்ப்பாங்க. அந்த அங்கி எல்லார் கைக்கும் போயிட்டா எனக்கு என்ன மரியாதை?”

கொழுந்தனுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அண்ணிக்கு இல்லை.

“மரியாதை!” என்றாள். “ஒரு பொம்மை உச்சியில நிக்கணும்னு, உசிருள்ள ஒரு பொண்ணு வயித்துல அடிச்சிருக்கே. அவ பாஸ்வேர்டைப் போட்டு உள்ள போய், பூஜ்ஜியத்தைப் போட்டுட்டு, அவ அழுதப்ப இதே கோட்டைப் போட்டுக்கிட்டு இதே ரூம்ல உக்காந்திருந்தே. உன் பொம்மைக்காவது மானம் காக்க ஒரு அடுக்கு இருக்கு.”

முதலாளி கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். “சரி மேடம். இது வீட்டு விஷயமாப் போச்சு. அறிக்கையில இவ பேரை எடுத்துடறேன். யாரோட தப்பும் இல்லைன்னு ஒரு மாதிரி எழுதிக்கலாம். என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா...”

“என் பேரை எடுத்துட்டு?” டெய்லர் முதன்முறையாகப் பேசினாள். கையில் இன்னும் பென்சில் டப்பா இருந்தது. “நான் பண்ணலைன்னு எழுத மாட்டீங்களா சார்? நேத்து எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினப்ப ஒரு மாதிரியா திட்டலையே, நல்லாத்தானே திட்டினீங்க.”

கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜை மேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டான்.

“பல் டாக்டர் ஒருத்தர் ஆரம்பத்துலேருந்து லைன்ல இருக்கார் சார். பனியில செத்தவர். டாக்டர், எல்லாம் கேட்டுச்சா?”

“ஒரு வார்த்தை விடாம!” என்றது போன். “பின்வாங்கினாராமே பேரரசர்! நான் இப்பவே எல்லா படைக்கும்...”

“இருங்க டாக்டர்,” என்றாள் அண்ணி. முதலாளியைப் பார்த்தாள். “அவர் எழுதினா எப்படி இருக்கும்னு புகார்ல படிச்சிருப்பீங்க. ஓ, நீங்கதான் படிக்கிறதில்லையே. அப்ப நீங்களே ஒழுங்கா எழுதிடுங்க. யார் பண்ணலைங்கிறதையும், யார் பண்ணினதுங்கிறதையும்.”

முதலாளிக்கு மனைவி ஒரு பக்கமும் பல் டாக்டர் ஒரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்து எழுதினார். அண்ணி பின்னால் நின்று படித்து, “‘சிறு குழப்பம்’னு இருக்கே, அதை அடிங்க. ‘சதி’,” என்றாள். அடித்தார்.

அறிக்கை போனதும் டெய்லர் தன் மேஜைக்குத் திரும்பினாள். டப்பாவைக் கவிழ்த்துப் பென்சில்களை மேஜையில் கொட்டிவிட்டு உட்கார்ந்து, பூஜ்ஜியம் இருந்த இடத்தில் இருக்க வேண்டிய எண்ணைப் போட்டாள்.

எல்லோரும் கூடத்து டிவி முன் வந்து நின்றார்கள். தங்கப் பட்டு போர்த்திய பொம்மை இன்னும் இடுப்பில் கை வைத்தபடி நின்றது. ஆபீஸ் நேரத்தில் மச்சினனின் மேஜையில், ஏதோ ஒரு திரைக்குப் பின்னால் அது எப்போதும் இப்படித்தான் நின்றிருக்கிறது. முதலில் பனியில் ஒருவன் ஏறி வந்தான். விழவில்லை. அவன் பின்னால் நாலைந்து பேர். அப்புறம் சாரை சாரையாக. சிவப்புப் பட்டு, பச்சைப் பட்டு, தங்கப் பட்டும்தான். எல்லார் உள்ளேயும் ஒரே பனி அங்கி.

“மேடம், உச்சிக்கு வந்துட்டேன்!” போனில் டாக்டர் கூவினார். “சாகலை!”

“பேரரசர் நிக்கிறாரா, பாருங்க.”

“எவரு? இங்க திரும்பின பக்கமெல்லாம் தங்கப் பட்டா இருக்கு. ஒரே தள்ளுமுள்ளு. ஒருத்தன் நடுவுல கை வச்சுக்கிட்டு நிக்கிறான், அவன் மேல எல்லாரும் இடிச்சுக்கிட்டுப் போறாங்க... கொஞ்சம் இருங்க, கன்னம் வீங்கினவர் உள்ளயே வந்துட்டார்.”

போன் துண்டிக்கப்பட்டது. மச்சினன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் தன் பொம்மை எது என்று அவருக்கே பிடிபடவில்லை போலிருக்கிறது; விரலை நீட்டித் தேடிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக டெய்லரின் மேஜைப் பக்கம் போனார்.

“ஒரு சின்ன உதவிம்மா,” என்றார். “அவனுக்கு மட்டும் மேல இன்னொரு அடுக்கு... கொஞ்சம் வித்தியாசமா... ஏதாவது தைச்சுத் தர முடியுமா?”

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“டெய்லர் கடை மூடியாச்சு சார்.”